லயத்துக் கரண்டில் ஓடிய மெஷின்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் ஒட்டு வீட்டு வரிசையான எங்கள் லயத்து வாசலில் இருந்தவர்கள்: என் அப்பா, அம்மா, நான், பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் அத்தை, கடைசிக் காம்பராவில் இருக்கும் தொழிற்சங்கத் தலைவர், மற்ற நான்கு வீட்டுக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், மோட்டார் சைக்கிளை அணைக்காமல் உறுமவிட்டபடியே பேசிய தோட்டத்துக் கிளாக்கர். வராதவர்களையும் சொல்ல வேண்டும். தோட்டத்து மேனேஜர் துரை வரவில்லை. அவர் லயத்துப் பக்கம் வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. எனக்கு அந்த மெஷினைத் தந்த மாத்தளைக் கடை முதலாளி வரவில்லை. ஞாயிறுதான் அவருக்கு நல்ல வியாபாரம். அந்த மெஷின் யாருக்காக ஓடியதோ அந்த வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்களும் வரவில்லை. யட்டவத்தைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில், ஏழு வீடுள்ள ஒரு லயம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

கிளாக்கர் கொண்டுவந்த செய்தி சின்னது. மெஷினைத் தோட்டத்து ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை லயம் முழுவதற்கும் கரண்டை வெட்டிவிடுவார்கள்.

விஷயம் எப்படி அவ்வளவு தூரம் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். மாத்தளைக்கு பஸ்ஸில் போய் உயர்தரத்தில் உயிரியல் எடுத்தேன். பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளியை எட்டவில்லை, கெம்பஸ் இல்லை என்றாகிவிட்டது. 'படிச்சு என்னத்தக் கிழிச்ச' என்று லயத்தில் யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் கூடுதலாக எரிந்தது. மாத்தளையில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு கேம் விளையாட விடும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். கடையில் ஒரு கேம் மெஷின் கெட்டுப்போய் மூலையில் கிடந்தது. ஒரு நாள் அதைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"டிஸ்க் படிக்காது தம்பி. ரெண்டு தரம் கண்டிக்கு அனுப்பிப் பாத்தாச்சு. மத்ததெல்லாம் நல்லா ஈக்கி."

"டிஸ்க் படிக்காட்டி அத வச்சி என்ன நானா செய்றது?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன். போனஸ்னு நெனச்சுக் கொண்டு போங்க. சும்மா குடுத்தேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க. மத்தப் பொடியன் எங்கிட்ட டிவி கேப்பான்."

அந்தக் காலத்தில் அந்த வகை மெஷினில் ஒரு வசதி இருந்தது. நாம் விளையாடாத நேரத்தில் அதன் கணக்குப் போடும் சக்தியை ஓர் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். நம் உடம்பில் உள்ள புரதம் ஒவ்வொன்றும் நூல் மாதிரிப் பிறந்து, கண்மூடித் திறப்பதற்குள் சுருண்டு மடிந்து ஒரு வடிவத்துக்கு வருகிறது. மடிப்புப் பிசகினால் சில நோய்கள் வருகின்றன. எப்படி மடிகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயுசு போதாது. அதனால் கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க வீடுகளில் சும்மா கிடக்கும் மெஷின்களுக்கு அனுப்பினார்கள். ஒரு துண்டு வரும். மெஷின் மணிக்கணக்கில் உட்கார்ந்து அதைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். அடுத்த துண்டு வரும். இதற்கு டிஸ்க் தேவையில்லை. கரண்ட் வேண்டும், கொஞ்சம் இன்டர்நெட் வேண்டும், அவ்வளவுதான். நானாவே டொங்கிள் சொருகும் பழைய ரவுட்டர் ஒன்றையும் தந்தார். எங்கள் காம்பராவில் ஒரே ஒரு ஜன்னலில்தான் சிக்னல் வரும். அந்த ஜன்னல் கம்பியில் அதைக் கட்டினேன்.

புரதம் பற்றிய பாடத்தை நான் வரிக்கு வரி மனப்பாடம் செய்தவன். பரீட்சைத் தாளோடு முடிந்துபோன அந்தப் பாடம் இப்போது எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தது. டிவியைப் போட்டால் திரையில் ஒரு மூலக்கூறு மெல்லப் புரளும். ஒரு பொத்தானை அழுத்தினால் பூமி உருண்டை வரும். இந்த வேலையில் சேர்ந்திருக்கும் வீடுகள் உள்ள இடமெல்லாம் வெளிச்சப் புள்ளி. ஜப்பான் ஒரே வெளிச்சம். எங்கள் தீவில் கொழும்புப் பக்கம் ஒன்றிரண்டு, நடுவில் ஒன்று. அந்த நடுப்புள்ளி நான்தான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அப்பாவுக்குக் காட்டினேன். டிவிக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார்.

"இது நம்ம வீடாடா?"

"ஆமாப்பா."

"பரவால்லியே. தோட்டத்து ஆபீஸ்ல மாட்டியிருக்கிற மேப்புல நம்ம லயமே இல்ல."

காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது மெஷினைப் போட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து நிறுத்துவேன். பின்பக்கம் சூடான காற்று வரும். மழைக்காலத்தில் அம்மா அதன் பின்னால் கொடி கட்டி என் காலுறைகளைக் காயப் போட்டார். ஆராய்ச்சியில் அம்மாவுக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான்.

இனிக் கரண்ட் கதை. எங்கள் லயத்துக்கு மொத்தமாக ஒரே மீட்டர். அது தோட்டத்தின் பெயரில் இருந்தது. தோட்டம் பில்லைக் கட்டிவிட்டு, ஏழு வீட்டுச் சம்பளத்திலும் சரிசமமாக வெட்டிக்கொள்ளும். அது நியாயமில்லை என்பதால் லயத்துக்குள் நாங்களே ஒரு கணக்கு வைத்திருந்தோம். அதற்குப் பெயர் பல்புக் கணக்கு. ஒரு பல்புக்கு ஒரு பங்கு. டிவி என்றால் இரண்டு பல்பு. அயன் பெட்டி நாலு பல்பு. லயத்தில் இருந்த ஒரே பிரிட்ஜ் தலைவருடையது. அதற்கு ஆறு பல்பு. அதை மூன்றாகக் குறைக்கச் சொல்லி அவர் வருடக்கணக்காக வழக்காடிக்கொண்டிருந்தார். சம்பளம் வந்த அன்று வாசலில் உட்கார்ந்து, தன் பல்புப் பங்குக்கு மேல் கட்டியவனுக்கு, பங்குக்குக் குறையக் கட்டியவன் கொடுத்துத் தீர்த்துக்கொள்வோம்.

மெஷின் வந்ததும் நானே அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். ஒளித்துவைக்க அதில் என்ன இருக்கிறது?

"அது எத்தன பல்புடா?" என்றார் அத்தை. சொந்த அத்தை இல்லை. பக்கத்து வீடு என்பதால் அத்தை.

"ஒரு பிரிட்ஜ் அளவுக்கு வரும் அத்த. ஆறு போடுங்க."

"பிரிட்ஜா? அப்ப உள்ளுக்குத் தண்ணிப் போத்தல் வைக்கலாமா?"

"வைக்க ஏலாது."

"பொறகு என்னடா பிரிட்ஜ்?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "டிவியோட சேத்து மாட்டுற சாமான்தானே. டிவிக்கு ரெண்டுன்னா இதுக்கும் ரெண்டு. எழுதாத சட்டம் அதுதான்."

நான் ஆறு என்று நின்றேன். அவர்கள் இரண்டு என்று முடித்தார்கள். தலைவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது: என் மெஷின் ஆறுக்குப் போனால் அவருடைய பிரிட்ஜ் இந்த ஜென்மத்தில் மூன்றுக்கு இறங்காது. ஆனால் உண்மையான கோளாறு வேறு இடத்தில். பல்புக் கணக்கில் எத்தனை சாமான் என்ற கேள்விதான் உண்டு. எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற கேள்வியே கிடையாது. விட்டு விட்டு ஓடும் பிரிட்ஜைத் தவிர எல்லா வீட்டிலும் எல்லாம் சாயங்காலம் எரிந்து ஒன்பது மணிக்குள் அணைந்துவிடும் என்பதால் அதுவரைக்கும் யாருக்கும் அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. பகல் முழுக்க நிற்காமல் ஓடும் ஒரு சாமானை எங்கள் லயம் அப்போதுதான் பார்த்தது.

அந்த மாதப் பில் ஏறியது. ஏழு வீட்டுச் சம்பளத்திலும் கூட வெட்டினார்கள். அத்தை முதலில் ஆபீஸில் போய்க் கத்திவிட்டு, பிறகு வாசலில் வந்து கத்தினார்.

"வெள்ளக்காரனுக்கு வைத்தியம் பாக்க நான் போயி ரப்பர்ப் பால் வெட்டணுமாடா?"

"ஒங்களுக்கு வந்தாலும் அதே வைத்தியம்தான் அத்த. உள்ளுக்கு மடியிறது பிசகினா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எனக்கு வராது. எனக்கு மடியிறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் வெறச்சுப்போச்சு."

வாசலே சிரித்தது, அத்தையும் சிரித்தார், ஆனால் காசை விடவில்லை. விடக்கூடாதுதான். கூடின தொகை முழுவதையும் என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். மெஷினுக்கு எட்டு பல்பு என்று புதிதாக முடிவானது. தலைவர் தன் பிரிட்ஜைப் பற்றி அன்றைக்கு வாய் திறக்கவில்லை. லயத்துக்குள் விஷயம் அத்தோடு தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளாக்கர் வந்தார்.

"லயத்துக்குக் கரண்ட் குடுத்தது பல்பு எரிய. சூதாட்ட மெஷின் ஓட்ட இல்ல" என்றார்.

"சூதாட்டம் இல்லீங்க" என்றார் அப்பா. "அதுல வெளையாடவே ஏலாது. ஒங்களுக்கு நம்பிக்க இல்லேன்னா உள்ளுக்கு வந்து வெளையாடிப் பாருங்க."

கிளாக்கர் மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். அவர் கையில் கொன்ட்ரோலரைக் கொடுத்தேன். ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். மூலக்கூறு இந்தப் பக்கம் புரண்டது, அந்தப் பக்கம் புரண்டது. வாசலில் நின்ற பிள்ளைகள் "மாமா சுடுங்க, மாமா சுடுங்க" என்று கத்தினார்கள். சுடுவதற்கு ஒன்றும் வரவில்லை. அவர் கொன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டார்.

"இதுல ஒனக்கு எவ்வளவு கெடைக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பொய் சொல்லாத."

"சத்தியமா ஒண்ணும் இல்ல. கரண்டுக்கு நான்தான் காசு குடுக்குறேன்."

"அப்ப எதுக்குடா ஓட்டுற?"

"ஆராய்ச்சிக்குக் குடுக்குறேன்."

"குடுக்குறியா?" சிரித்தார். வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "லயத்துல இருந்துகிட்டு இந்தத் தொர தானம் பண்றாராம்!"

அந்த வார்த்தைக்கு என் பதிலை இப்போது சொல்கிறேன். எங்கள் லயத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொடுக்கத்தான் வருவார்கள். புத்தகப் பை கொடுப்பார்கள், கூரைத் தகரம் கொடுப்பார்கள், மூக்குக் கண்ணாடி கொடுப்பார்கள். பின்னால் பேனர் கட்டி, நாங்கள் கை நீட்டும்போது போட்டோ எடுப்பார்கள். போட்டோ சரியாக வரவில்லை என்றால் கொடுத்ததை வாங்கி மறுபடியும் கொடுப்பார்கள். நான் அப்படி இரண்டு தடவை ஒரே பையை வாங்கியிருக்கிறேன். எங்களிடமிருந்தும் உலகத்துக்கு ஏதாவது போகும் என்று யாரும் நினைத்ததில்லை. ரப்பர் போகிறது, மிளகு போகிறது. அது தோட்டத்தின் பெயரில் போகிறது. என் பெயரில் போனது அந்தக் கணக்கு ஒன்றுதான். அதைக் கேட்டுத்தான் அந்த மனிதர் சிரித்தார்.

அன்று பதில் சொன்னது அத்தை.

"ஏங்க கிளாக்கர் ஐயா, அவன் குடுத்தா ஒங்களுக்கு எங்க வலிக்குது?"

"நீதானே ஆபீஸ்ல வந்து பில்லு கூடிருச்சுன்னு கத்துன?"

"கத்துனேன். எங்க புள்ளய நான் ஏசுவேன், கத்துவேன். அது எங்க வாசலுக்குள்ள. பில்லு கட்டுறது நாங்க. ஒங்க தொர அதுல ஒரு பல்புக்காச்சும் கட்டுறாரா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மெஷின் ஆபீஸுக்கு வரணும்."

"மெஷின் இங்கதான் இருக்கும்" என்றார் அப்பா.

"அப்ப வெள்ளிக்கிழமையில இருந்து இருட்டுல இருங்க."

சொன்னபடி வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்து பியூஸைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தலைவர் பிரிட்ஜிலிருந்த மீனை ஏழு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார். அவர் கொடுத்து நாங்கள் தின்ற மீன் அது ஒன்றுதான். எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. அத்தைக்கு அவருடைய டிவி நாடகம் போனது. அதில் யார் யாரைக் கட்டினார்கள் என்று கீழ் லயத்திலிருந்து வருகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓ. எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தது எங்கள் வரிசையில். அது விளக்கை நெருங்கிக் குனிந்து படித்ததில் முன்முடி கருகியது. அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன்: "மெஷினக் கடைக்கே கொண்டுபோயிடுறேன். கரண்ட் வரட்டும்."

தலைவர் தலையாட்டினார். அத்தை எழுந்துவிட்டார்.

"இப்பக் கொண்டுபோனா, நாளைக்கு அயன் பெட்டியக் கேப்பான். அடுத்தாப்புல எந்நாடகத்தக் கேப்பான். ஒம் மெஷினு நாசமாப் போகட்டும்டா, எனக்கு அதப்பத்தி இல்ல. வீட்டுக்குள்ள நாம என்ன வைக்கிறதுன்னு அவன் சொல்றதா?"

கருகிய முடிக்காரியின் அம்மாவும் "மெஷின வச்சிருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் நானும் தலைவரும் மாத்தளையில் மின்சார அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண்மணியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியமே படவில்லை. வீட்டுக்கு வீடு தனி மீட்டர் எடுக்கலாமே, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். குடியிருப்பதற்குக் கிராம சேவகரின் சான்றும், தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று தோட்டம் தரும் கடிதமும் இருந்தால் போதும் என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் பல்பு எண்ணிக்கொண்டிருந்தோமே என்று அவர் முகத்தில் இருந்தது. தனி மீட்டர் கேட்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

கிராம சேவகர் சான்று தந்தார். தோட்டம் கடிதம் தர மறுத்தது. யட்டவத்தைப் பிரதேச செயலகத்துக்கு மனு எழுதினேன், தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் காரியத்தை முடித்தது ரப்பர் பால்தான். மரத்தில் விடிகாலையில் கத்தி வைக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வடியாது. அன்றைய நாள் போச்சு. எங்கள் லயத்துப் பெண்கள் வழக்கம்போலக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார்கள், பெயர் கொடுத்தார்கள், பிறகு ரப்பர் மலைக்குப் போகாமல் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார்கள். கீழ் லயத்துப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் ஒரே மீட்டர்தான். முதல் நாள் கிளாக்கர் மிரட்டினார். இரண்டாம் நாள் நானும் கடைக்குப் போகாமல் அவர்கள் முன்னால் போய் நின்றேன். வெயில் ஏறும் நேரத்தில் துரையே வெளியே வந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன வயசு.

"மெஷின் யாருடையது?"

"என்னோடது சார்."

"அத வித்துட்டா இந்தப் பிரச்சினையே இல்லைதானே?"

"விக்க மாட்டேன் சார்."

"பிடிவாதமா?"

"ஆமா சார்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சுருக்கமான, மிகச் சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்தது நிறுத்தச் சொல்லியா, இன்னும் சொல்லச் சொல்லியா என்று பிறகு கேட்டேன். "சட்ட கசங்கியிருந்துச்சு" என்றார். துரை சூரியனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போனார். மத்தியானம் கடிதம் வந்தது. எங்கள் மேல் இரக்கப்பட்டுத் தந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மீட்டர்கள் மாட்டிய அன்று நான் கடைக்கு லீவு போட்டேன். பாதியில் நின்ற பழைய துண்டுக்குத் தவணை முடிந்திருந்தது. அதை வேறு எந்த வீட்டிலோ முடித்திருப்பார்கள். புதிய துண்டு ஒன்று வந்தது. மெஷின் ஓடியது. ஆராய்ச்சிக்காரர்கள் அந்த வகை மெஷின்களுக்கான வேலையை நிறுத்தும் வரைக்கும் எங்கள் வீட்டில் அது ஓடியது, எங்கள் மீட்டரில், எங்கள் பெயரில் வந்த பில்லில்.

அந்த ஆராய்ச்சியால் ஏதாவது மருந்து வந்ததா என்று படித்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் அனுப்பிய துண்டுகள் எந்த நோயின் எந்த மடிப்பில் போய்ச் சேர்ந்தன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கொடுத்துவிட்டு போட்டோவுக்கு நிற்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சொல்லட்டும். அத்தனை பேரையும் இதில் இழுத்துவிட்டாயே, எவ்வளவு செலவானது என்று கேட்டால் மட்டும் என்னால் சரியாகச் சொல்ல முடியும். காசு சேர்க்கச் சிலர் சீட்டு எடுத்தார்கள், அம்மா தோட்டை அடகு வைத்தார், தலைவர் பிரிட்ஜையே விற்றார். மீட்டருக்கும் வயருக்கும் கட்டியது, உட்கார்ந்திருந்த இரண்டு நாளுக்கு வெட்டப்பட்ட சம்பளம், பஸ் காசு எல்லாம் சேர்த்து, ஏழு வீட்டுக்கும் மொத்தமாக ஒரு லட்சத்து இருபத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய்.